செங்கோட்டையிலிருந்து கொல்லம்: மாலைக் கறவைக்குள் திரும்பி வர

மகளைக் கொல்லத்தில் கட்டிக் கொடுத்து ஆறு வருஷம் ஆகிறது. மாதம் ஒரு தடவையாவது செங்கோட்டையிலிருந்து காரில் போய் அன்றைக்கே திரும்பிவிடுவேன். இராத் தங்க வழியில்லை. வீட்டில் இரண்டு கறவை மாடு இருக்கிறது. மூத்தவள் லெட்சுமி, என் கையைத் தவிர வேறு கை பட்டால் பாலை அடக்கிக்கொள்வாள். இப்படிப் போய்ப் போய் எழுபது தடவை தாண்டியதால், தெருவில் யாராவது கொல்லத்துக்குக் காரெடுத்தால் "அந்த அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்று என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் தூரத்தை மறந்துவிடுங்கள். செங்கோட்டையிலிருந்து கொல்லம் சின்னக்கடை வரை சுமார் 95 கிலோமீட்டர். இதைக் கேட்டதும் எல்லோரும் "ஒண்ணரை மணி நேரம்" என்று கணக்குப் போடுகிறார்கள். மதுரைச் சாலையில் நாலு வழியில் போன பழக்கம். இந்தத் தேசிய நெடுஞ்சாலை 744 திருமங்கலத்தில் தொடங்கிக் கொல்லத்தில் முடிகிறது. பெயர்தான் நெடுஞ்சாலை, மலைப்பக்கம் போனால் எதிரெதிரே இரண்டு லாரி வந்தால் ஓட்டுநர்கள் கண்ணாடியை மடக்க வேண்டிய அகலம். 2023 ஜூலையிலிருந்து கேரளத்தில் நாலு வழி இல்லாத தேசிய நெடுஞ்சாலையில் கார் 90 வரை போகலாம் என்று வேகவரம்பை மாற்றினார்கள். எட்டு வருஷமாக ஓட்டும் நான் இங்கே அறுபதைத் தாண்டிய இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மணிக்கு முப்பது என்று போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வழிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், டீக்கு நிற்பதையும் சேர்த்து.

அப்புறம், எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று யோசிக்காதீர்கள். எத்தனை மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். எனக்கு அது மாலை ஐந்தரை. அதற்கு மேல் லெட்சுமி தெருவே கேட்கக் கத்துவாள். ஐந்தரைக்கு வீடு என்றால் ஐந்து மணிக்குப் புளியரை. அப்படியென்றால் நாலரைக்கு ஆரியங்காவு, நாலுக்குத் தென்மலை, மூன்றேகாலுக்குப் புனலூர், இரண்டரைக்குக் கொட்டாரக்கரை. ஆக, கொல்லத்தில் ஒன்றேமுக்காலுக்குச் சாவியைத் திருக வேண்டும். மகள் வீட்டில் சோறு ஒரு மணிக்கு. இதை முதல் நாள் இராத்திரியே போனில் சொல்லிவிடுவேன். சம்பந்தியம்மா "இத்தனை அவசரமா?" என்று முதலில் முகம் சுளித்தார்கள். இப்போது அவர்களே பன்னிரண்டரைக்கு இலை போட்டுவிடுகிறார்கள்.

உங்களுக்கு மாடு இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் ஒரு கணக்கு எல்லோருக்கும் பொது: மலையை இரண்டு தடவையும் வெளிச்சத்தில் தாண்ட வேண்டும். மலை என்று நான் சொல்வது புளியரையிலிருந்து தென்மலை வரை, ஏறக்குறைய இருபது கிலோமீட்டர்தான். ஆனால் அன்றைய நாள் எப்படிப் போகும் என்பதை அந்தத் துண்டுதான் முடிவு செய்கிறது. மீதி எழுபத்தைந்து கிலோமீட்டரில் என்ன தவறு செய்தாலும் அரை மணி நேரம்தான் போகும்.

கிளம்பும் நேரம் எனக்குக் காலை ஐந்தரை. மார்கழியில் ஆறேகால், அதற்கு முன் மலையில் விடிவதில்லை. நாலுக்கு எழுந்து கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து குளிக்கச் சரியாக இருக்கும். ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குக் கொட்டாரக்கரையைத் தாண்டிவிடலாம். இது முக்கியம். எட்டேகாலுக்குப் பிறகு பள்ளிக்கூட பஸ்களெல்லாம் சாலைக்கு வந்துவிடும். கொட்டாரக்கரையில் புலமண் சந்திப்பில் நம் சாலையும் எம்.சி. ரோடும் குறுக்கிடுகின்றன. திருவனந்தபுரத்துக்கும் கோட்டயத்துக்கும் போகிற வண்டிகளெல்லாம் அங்கே கூடும். அந்த சிக்னலில் ஒருநாள் நின்ற நேரத்தில் என் வீட்டுக்காரர் பேப்பர் முழுவதும் படித்து முடித்துவிட்டார், வரி விளம்பரம் உட்பட.

முதல் நாள் செய்ய வேண்டியவை அதிகமில்லை. டயர் காற்று, ஸ்டெப்னி காற்று, வைப்பர் ரப்பர், எல்லா விளக்கும். வைப்பரை மட்டும் தண்ணீர் தெளித்து ஓட்டிப் பாருங்கள். செங்கோட்டையில் வெயில் அடிக்கும், மலை மேல் எல்லையில் இருக்கும் கோட்டைவாசலைத் தாண்டியதும் வாளியால் ஊற்றுகிற மாதிரி மழை நிற்கும், நடுவில் பத்து நிமிஷம்கூட இருக்காது. பிரேக்கில் சிறு கீச்சுச் சத்தம் இருந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டாமல் மலைக்கு வராதீர்கள்.

பெட்ரோலைச் செங்கோட்டையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கேரளத்தில் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல். 2023 ஏப்ரலில் இரண்டு ரூபாய் செஸ் வேறு போட்டார்கள். போக வர இருநூறு கிலோமீட்டருக்குள்தான் என்பதால் எங்கள் பழைய வேகன்ஆருக்குப் பதினைந்து லிட்டர் போட்டால் மீதியே இருக்கும்.

காகிதங்கள்: ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ். டிஜிலாக்கரில் இருந்தால் போதும். ஆனால் மலைக்குள் பல இடங்களில் சிக்னல் இருக்காது, அதனால் நான் நகலை ஒரு பிளாஸ்டிக் உறையில் டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். போன் வரைபடத்தையும் வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக் காரில் ஒருநாள் போய்வர அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை. வாடகை வண்டி என்றால் ஓட்டுநரிடம் பர்மிட், வரி பற்றி முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இனி சாலை. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தென்காசியிலிருந்து வரும்போது செங்கோட்டைக்கு முன்னாலேயே "பார்டர்" என்று ஒரு இடம் வரும், பிரானூர் பார்டர். புரோட்டாவுக்கும் நாட்டுக்கோழிக்கும் பேர் போனது. சென்னையிலிருந்து வந்த ஒரு உறவுக்காரப் பையன் அங்கே வண்டியை நிறுத்தி, "அத்தை, கேரளா வந்துட்டேன்" என்று போன் பண்ணினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 1956 நவம்பர் 1 வரை அது உண்மையான எல்லைதான். செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. எல்லை மேற்கே கோட்டைவாசலுக்குப் போய்விட்டது, பேர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. இந்தப் பார்டரில் சாப்பிட நின்றால் உங்கள் ஒருநாள் திட்டம் அங்கேயே முடிந்தது. அது இராத்திரிச் சாப்பாட்டுக்கான இடம்.

செங்கோட்டை தாண்டிப் புளியரை வரை இரண்டு பக்கமும் வயல், தென்னை, நல்ல தட்டையான சாலை. இங்கே வேகம் எடுக்க ஆசை வரும். எடுக்காதீர்கள், லாரிகள் ஓரத்தில் வரிசையாக நிற்கும். கேரளத்துக்குப் போகும் ஜல்லி, எம் சாண்ட், காய்கறி எல்லாம் இந்த வழிதான். புளியரையில் நம் போலீஸ் சோதனைச் சாவடி இருக்கிறது. கேரளத்திலிருந்து கழிவு ஏற்றி வந்து இங்கே கொட்டுகிற லாரிகளைத்தான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். கார்களைப் பெரிதாக நிறுத்துவதில்லை.

சாவடி தாண்டியதும் ஏற்றம். எஸ் வளைவு என்று எல்லோரும் சொல்கிற இடம் இங்கேதான். நம் பக்கம் மலை சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது, அந்தப் பக்கம் சரிவாக இறங்குகிறது. ஆகவே போகும்போது ஏற்றம் குறைவான தூரம், ஆனால் கடுமை. திரும்பும்போது இதே இடம் கடும் இறக்கம். இதை மனதில் வைத்துக்கொண்டால் கியர் குழப்பமே வராது. போகும்போது இரண்டாவது கியரில் ஏறுங்கள். வரும்போதும் அதே இரண்டாவது கியரில் இறங்குங்கள். இறக்கத்தில் மூன்றாவது கியரைப் போட்டுக்கொண்டு பிரேக்கை மிதித்தே வந்தால் கீழே வரும்போது டயர் பக்கம் கருகல் வாடை வரும். நியூட்ரலில் உருட்டிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று கிளம்புகிறவர்களிடம் சொல்ல எனக்கு நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை.

எஸ் வளைவில் லாரிக்குப் பின்னால் போகும்போது இரண்டு வண்டி நீளம் இடைவெளி விடுங்கள். ஒரு ஆவணி மாதம், ஓணத்துக்கு முந்தைய வாரம், எனக்கு முன்னால் ஒரு காய்கறி லாரி. பூசணிக்காய் மூட்டைகள், மேலே தார்ப்பாய். வளைவின் நடுவில் இன்ஜின் திணறி நின்றது. நின்றதோடு விடாமல் ஒரு அடி பின்னால் வந்தது. நான் ஹாரனில் கை வைத்ததுதான், இடது கதவு திறந்து கிளீனர் பையன் குதித்தான். பதினெட்டு வயது இருக்கும், காலில் செருப்பு இல்லை. கையில் முக்கோணக் கட்டை. பின் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகிவிட்டு, ஓரத்தில் கிடந்த பெரிய கல்லையும் உருட்டிக்கொண்டு வந்து அடுத்த சக்கரத்துக்குக் கொடுத்தான். "யக்கா, ரிவர்ஸ் எடுங்க, ரிவர்ஸ் எடுங்க!" என்றான். பக்கத்தில் இவர், "ஏளா, பின்னால பஸ்சு நிக்கி" என்கிறார். பஸ் டிரைவர் நிலைமையைப் பார்த்துவிட்டு அவராகவே பத்தடி பின்வாங்கினார், அதன் பிறகுதான் எனக்கு இடம் கிடைத்தது. லாரி கிளம்ப இருபது நிமிஷம் ஆயிற்று.

அன்றைக்கு நான் கற்ற இரண்டாவது பாடம் அந்தக் கல். லாரி மெதுவாக நகர்ந்ததும் பையன் கட்டையை மட்டும் உருவிக்கொண்டு ஓடி ஏறிவிட்டான். கல் சாலை நடுவிலேயே கிடந்தது. அவனையும் திட்ட முடியாது, குனிந்து எடுத்தால் வண்டி போய்விடும். நான் இறங்கி ஓரத்துக்குத் தள்ளினேன். அதிலிருந்து பார்க்கிறேன், ஏற்றம் உள்ள வளைவுகளில் இப்படிக் கற்கள் எப்போதும் கிடக்கின்றன. பகலில் தெரியும். மங்கலில், மழையில் தெரியாது, நேராக இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சம்பில் அடிக்கும். மலையை வெளிச்சத்தில் தாண்டுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு யானையைவிட இந்தக் கல்தான் காரணம். யானையும் இருக்கிறது, ஆரியங்காவு காட்டுப் பகுதிதானே.

இடம் குறுகினால் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும். சட்டம் அப்படி, வழக்கமும் அப்படி. ஒவ்வொரு குருட்டு வளைவிலும் ஒரு சின்ன ஹாரன். கேரள அரசு பஸ் பின்னால் வந்து ஒட்டினால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி விட்டுவிடுங்கள். போகவிட்டு அதன் பின்னாலேயே போவது இன்னும் நல்லது. அவர்களுக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். எங்கே பிரேக் போடுகிறார்கள் என்று பார்த்தாலே பாதை புரிந்துவிடும்.

கோட்டைவாசலில் தமிழ்நாடு முடிகிறது. ஏறி வந்த களைப்பில் எல்லோரும் இங்கே நிறுத்தி, கீழே புளியரை வயல்களைப் பார்த்துப் படம் எடுக்கிறார்கள். எடுக்க வேண்டிய காட்சிதான், அறுவடைக்கு முன்னால் என்றால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் வளைவில் நிறுத்தாதீர்கள். அடுத்து ஆரியங்காவில் கேரளத்தின் சாவடிகள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு விற்பனை வரிச் சாவடி போய்விட்டது, அதனால் பழைய லாரி வரிசை இல்லை. எக்சைஸ்காரர்கள் சில நாள் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். பால் பரிசோதனைச் சாவடிகூட இங்கே உண்டு, தமிழ்நாட்டிலிருந்து போகும் டேங்கர் பாலைப் பார்ப்பதற்கு. முதல் தடவை அதைப் பார்த்தபோது மகளுக்காகக் கொண்டுபோன இரண்டு லிட்டர் பாலை நான் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். இவர் சிரித்த சிரிப்பு தென்மலை வரை நிற்கவில்லை.

ஆரியங்காவிலிருந்து கழுதுருட்டி, தென்மலை வரை சாலை, ஆறு, ரயில் பாதை மூன்றும் பின்னிப் பின்னிப் போகும். கழுதுருட்டி தாண்டியதும் பதிமூன்று கண் பாலம், கருங்கல்லில் கட்டியது. 1904இல் இந்த மலைவழியே மீட்டர் கேஜ் ரயில் ஓடத் தொடங்கியது. 2018இல் அகலப் பாதை திறந்தார்கள். இன்றைக்கும் ரயில் அந்தக் கல் வளைவுகளின் மேல்தான் போகிறது. பாலத்தின் கீழே பத்து நிமிஷம் நிற்கலாம், அதற்கு நேரம் ஒதுக்குங்கள். பாலருவியையும் தென்மலை அணையையும் "வழியில்தானே" என்று சேர்க்க நினைப்பவர்களுக்கு: சேர்த்தால் அன்றைக்குக் கொல்லம் இல்லை. பாலருவிக்குச் சாலையிலிருந்து காட்டுக்குள் போக வேண்டும், போய்க் குளித்துத் தலை துவட்டி வர இரண்டு மணி நேரம் ஓடிவிடும். அதற்கு வேறொரு நாள் வையுங்கள்.

தென்மலை தாண்டி இடமண் வழியாகப் புனலூர். இங்கே மலை விட்டுவிடும், ரப்பர் தோட்டம் ஆரம்பிக்கும். ஏழு மணியளவில் வந்தால் காலைச் சாப்பாடு புனலூரில்தான். புட்டும் கடலையும், ஒரு கட்டன் சாயாவும். இருபது நிமிஷத்தில் முடித்துவிடலாம். குமட்டல் வரும் பிள்ளைகள் கூட வந்தால் மலைக்கு முன்னால் எதுவும் கொடுக்காதீர்கள், பசித்தால் ஒரு பிஸ்கட் போதும். சாப்பாட்டைப் புனலூருக்குத் தள்ளிவைத்தால் சீட் கவர் பிழைக்கும்.

புனலூர் ஊருக்குள் கல்லடை ஆற்றின் மேல் தொங்குபாலம் இருக்கிறது. 1877இல் ஆல்பர்ட் ஹென்றி என்ற வெள்ளைக்காரப் பொறியாளர் கட்டியது. இப்போது நடந்து போய்ப் பார்க்க மட்டும். இவருக்கு அந்தப் பாலத்தின் சங்கிலியைத் தொட்டுப் பார்க்காமல் ஊர் தாண்ட முடியாது. எழுபது தடவையில் ஐம்பது தடவையாவது தொட்டிருப்பார். ஐந்து நிமிஷம்தான், விட்டுவிடுவேன்.

கேரளத்துக்குள் நுழைந்ததும் கேமரா ஞாபகம் இருக்கட்டும். 2023 ஜூனிலிருந்து மாநிலம் முழுவதும் ஏ.ஐ. கேமரா வைத்திருக்கிறார்கள். சீட் பெல்ட் போடாவிட்டால் 500 ரூபாய், ஓட்டும்போது போன் பேசினால் 2000. யாரும் வழிமறிக்க மாட்டார்கள், விசில் ஊத மாட்டார்கள், கொஞ்சநாள் கழித்துப் போனுக்கு மெசேஜ் வரும். சட்டைப் பையிலிருந்து சில்லறை எடுக்க இவர் பெல்ட்டைக் கழற்றிய அந்த ஒரு நிமிஷத்துக்கு எங்களுக்கு வந்தது. படத்தில் முகம் அத்தனை தெளிவு, வாயில் வெற்றிலை இருப்பதுகூடத் தெரிந்தது. தமிழ்நாட்டு நம்பர்தானே என்று விடவில்லை. தப்பு எங்களுடையது, கட்டிவிட்டோம். பின் சீட்டில் இருப்பவர்களையும் பெல்ட் போடச் சொல்லுங்கள், கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

புனலூரிலிருந்து குன்னிக்கோடு வழியாகக் கொட்டாரக்கரை, பிறகு எழுகோண், குண்டறை, கேரளபுரம், கொல்லம். இந்தப் பகுதியைப் பற்றி எழுத அதிகமில்லை. வீடு, கடை, பள்ளிக்கூடம், மறுபடியும் வீடு. ஊர் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது, அதனால் முந்துவதற்கு இடமும் இருக்காது. முயற்சி செய்யாதீர்கள், குண்டறையில் ரயில் கேட் அடைத்தால் அதன் வால் நெடுஞ்சாலை வரை நீளும், முந்திப் போனவரும் நீங்களும் அங்கே ஒன்றாகத்தான் நிற்பீர்கள். கொட்டாரக்கரை கணபதி கோயில் உண்ணியப்பம் வாங்க ஆசை என்றால் திரும்பும்போது வேண்டாம், போகும்போதே வாங்கிவிடுங்கள். எட்டு மணிக்கு முன் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும்.

எந்த நாளில் போவது என்பதும் திட்டத்தில் பாதி. குற்றாலத்தில் சாரல் தொடங்கினால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம். அருவிக்கு வருகிற கூட்டம் செங்கோட்டைச் சாலையையும் அடைத்துவிடும். அந்த மாதங்களில் மலையில் மண் சரிவதும் மரம் விழுவதும் சகஜம். இரண்டு நாள் விடாமல் பெய்திருந்தால் கிளம்புவதற்கு முன் ஆரியங்காவிலோ புனலூரிலோ தெரிந்த யாருக்காவது போன் போட்டுக் கேளுங்கள். கார்த்திகை முதல் தேதியிலிருந்து தை பிறக்கும் வரை சபரிமலை வண்டிகள். வேன் டிரைவர்கள் பலர் இராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓட்டி வந்திருப்பார்கள், தள்ளியே போங்கள். விடியற்காலையில் கறுப்பு வேட்டியோடு ஓரமாக நடந்து வருகிற சாமிமார்கள் ஹெட்லைட்டுக்குக்கூடத் தெரிய மாட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் நான் ஆறேகால் என்று மாற்றிக்கொள்வது.

ஹர்த்தாலும், அதாவது கேரளத்துக் கடையடைப்பும், உண்டு. ஏழு நாள் முன்னறிவிப்பு கொடுக்காமல் ஹர்த்தால் அறிவிக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது, முன்பு மாதிரி திடுதிப்பென்று வருவது குறைந்திருக்கிறது. ஆனாலும் முதல் நாள் இராத்திரி மகளிடம் "நாளைக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்காமல் நான் படுப்பதில்லை. ஹர்த்தால் என்றால் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, நம் ஒருநாள் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

கொல்லத்தில் சொந்தக்காரர்கள் இல்லாமல் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் ஒன்பதிலிருந்து ஒன்றேமுக்கால் வரை கிடைக்கும் நேரத்தில் இரண்டு இடத்துக்கு மேல் வைக்க வேண்டாம். அரசு பஸ் ஸ்டாண்டை ஒட்டியே படகுத் துறை, அஷ்டமுடிக் காயலில் ஒரு சுற்று. அல்லது தங்கசேரியில் 1902இல் கட்டிய கலங்கரை விளக்கமும் பக்கத்துக் கடற்கரையும். காரைச் சின்னக்கடைக்குள் கொண்டுபோய்ச் சுற்றாதீர்கள், ஓரமாக ஒரு பார்க்கிங்கில் விட்டுவிட்டு ஆட்டோவில் போங்கள். கடலோர நெடுஞ்சாலையை ஆறு வழியாக்கும் வேலையால் சில வருஷங்களாகவே திருப்பங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, போன மாதம் போன வழி இந்த மாதம் இருக்கும் என்று நம்ப முடியாது.

மீன் வாங்கி வருகிறவர்கள் நீண்டகரைப் பக்கம் காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானம் போனால் மிச்சம்தான். ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகுகளுக்குத் தடை, அப்போது வகையும் குறைவு, விலையும் கூடுதல். தெர்மோகோல் பெட்டியை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். அடியில் ஐஸ், நடுவில் மீன், மேலே ஐஸ். மூடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் டேப் ஒட்டி, பெட்டியையே ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் வைக்க வேண்டும். டப் இல்லாமல் நான் ஒரு தடவை நெத்திலி கொண்டுவந்தேன். எஸ் வளைவு இறக்கத்தில் பெட்டி சரிந்து, உருகிய ஐஸ் தண்ணீர் டிக்கி விரிப்பில் இறங்கிவிட்டது. ஒன்றரை மாதம் கார் நெத்திலியாகவே நாறியது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினோம், எலுமிச்சை தேய்த்தோம், கடைசியில் விரிப்பையே தூக்கிப் போட்டோம்.

திரும்பும் வழியில் ஒரே ஒரு நிறுத்தம், புனலூரில் டீ. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மூன்று மணிக்குத்தான் கண் சொருகும், டீ அதற்காக. புனலூரை மூன்றரைக்குள் விட முடியவில்லை என்றால் நான் வீட்டுக்குப் போன் பண்ணி எதிர்வீட்டு மதினியிடம், "மாட்டுக்குத் தண்ணி மட்டும் காட்டிருங்க" என்று சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டால் பின்னால் மலையில் அவசரம் வராது. நாலரைக்கும் புனலூரைத் தாண்டவில்லை என்றால், மார்கழியாக இருந்தால், மகள் வீட்டுக்கே திரும்பிவிடுவது என்று ஒரு முடிவு வைத்திருக்கிறேன். இதுவரை ஒரு தடவைதான் அப்படி ஆயிற்று. லெட்சுமி இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவசரத்துக்கு எண்கள்: இரண்டு மாநிலத்திலும் 112, ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. மலைக்குள் சிக்னல் கிடைக்காவிட்டால் காத்துக்கொண்டு நிற்காமல், எதிரே வரும் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி நடத்துநரிடம் சொல்லி அனுப்புங்கள். ஆரியங்காவு சாவடிக்கோ புளியரை சாவடிக்கோ செய்தி போய்விடும்.

புளியரை இறக்கம் முடிந்து தட்டையான சாலைக்கு வந்ததும் ஒரு நிமிஷம் ஓரமாக நிறுத்தி இறங்கிக் காரைச் சுற்றி வாருங்கள். டயரைப் பாருங்கள், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை வீசிச் சூடு எப்படி என்று பாருங்கள், கருகல் வாடை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பத்து நிமிஷம் ஆறவிட்டு மெதுவாக வீட்டுக்கு. தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும். நான் இதைச் செய்யும்போது இவர் உள்ளேயே உட்கார்ந்து, "எல்லாம் சரியா இருக்கு, வா" என்பார். அதற்குள் கொக்குகள் வயலிலிருந்து எழும்பத் தொடங்கியிருக்கும், மணி ஐந்து ஐந்து.